ஒரு ரௌட்டரும் ஆறு பழைய கணினிகளும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



நூறு ஆண்டைக் கொண்டாடும் மேடையில் பழைய ஆசிரியைகளைப் பற்றியும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் வலைப்பந்துக் கோப்பைகளைப் பற்றியும் பேசுவதே வழமை. அதைச் சிறப்பாகச் செய்ய இங்கே பலர் இருக்கிறார்கள். எங்களுக்குச் செயற்குழு தந்த தலைப்பு வேறு. நூற்றாண்டுக் கொடையாக வன்னிப் பிள்ளைகளுக்குப் பாவித்த கணினிகளை அனுப்பலாமா என்ற கேள்வி இவ்வாண்டு திரும்பத் திரும்ப வந்தது. "எங்கட ஒபீஸில இருபது கணினியைக் கழிக்கப்போறாங்கள், எடுத்து அனுப்பட்டோ?" என்று கேட்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். நாயாற்றில் ஒரு சிறு அறையில் ஆறு பழைய கணினிகளை ஒரே ரௌட்டரில் இணைத்து நடத்திவருகிறவர்கள் என்பதால், மறுமொழி சொல்லும் பொறுப்பு எங்களுக்கு வந்தது.

மறுமொழியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழைய கணினி நிச்சயமாகப் பயன்படும். ஆனால் அதை இணையத்தோடு சேர்க்கும் சிறு பெட்டியும், மாதக் கட்டணமும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இல்லாமல் வந்து சேரும் கணினி ஒரு மேசையை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஏன் என்று இனி விளக்குகிறோம்.

நாயாறு எங்கே என்று இளைய தங்கைமார் கேட்கக்கூடும். முல்லைத்தீவு நகரிலிருந்து கொக்கிளாய் வீதியால் தெற்கே போனால் அளம்பில், செம்மலை கடந்து நாயாறு வரும். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் களப்பு. கடலிலும் களப்பிலும் மீனும் இறாலும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள். 1984 டிசம்பரில் நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் ஆகிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையை ஆழிப்பேரலை அடித்தது. போர் முடிந்த 2009க்குப் பின்னரே இந்தக் கரையோர ஊர்களில் பலர் திரும்பிக் குடியேற முடிந்தது. ஊரைவிட்டுப் போனபோது கைக்குழந்தையாக இருந்தவர் திரும்பி வரும்போது தாயாக வந்தார். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் உலகத்தில் கணினி வந்தது, இணையம் வந்தது, கைத்தொலைபேசி வந்தது. அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஒழுங்கு அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில், அதுவும் ஒரு கைத்தொலைபேசியின் சிறு திரையில்தான் வந்து சேர்ந்தன.

அந்தத் தொலைபேசிதான் எங்கள் பேச்சின் முக்கியமான இடம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது படிப்பு முழுவதும் தொலைபேசிக்குள் போனது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் ஒரு தொலைபேசி. அப்பா கடலுக்குப் போகும்போது அதைக் கொண்டுபோவார். அவர் கரைக்கு வந்தபின் அது முதலில் அண்ணனின் கைக்குப் போகும். பத்தாம் வகுப்பில் படிக்கும் தங்கைக்கு முறை வரும்போது இரவு ஒன்பது மணியாகிவிடும், டேட்டாவும் முடிந்திருக்கும். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒன்றை ஆறாகப் பிரிக்க முடியாத இடத்தில் கடைசிப் பங்கு பெண்பிள்ளைக்கு என்பது எங்கள் சமூகத்தின் பழைய கணக்கு. பெண்கள் படிக்கவேண்டும் என்பதற்காகவே எழுந்த ஒரு கல்லூரியின் மாணவிகளாகிய எங்களுக்கு அந்தக் கணக்கு உறுத்த வேண்டும்.

பிரிக்க முடியாததைப் பிரித்துத் தருவதுதான் ரௌட்டரின் வேலை. கைக்கடக்கமான ஒரு பெட்டி. சில சின்ன விளக்குகள். பின்புறம் நாலைந்து துளைகள். அது செய்வதைப் புரிந்துகொள்ள எங்கள் கூட்டுக்குடும்ப வீடுகளை நினைத்தால் போதும். வீட்டுக்கு ஒரே விலாசம். தபால்காரர் எல்லாக் கடிதங்களையும் வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். வாசலில் இருக்கும் அம்மம்மா எந்தக் கடிதம் யாருக்கு என்று பார்த்து உள்ளே கொடுப்பார். இணைய நிறுவனம் எங்கள் இணைப்புக்குத் தருவது ஒரு விலாசம்தான். ரௌட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் 192.168 என்று தொடங்கும் ஓர் உள்வீட்டு இலக்கத்தைக் கொடுக்கிறது. எந்தக் கணினி எந்தப் பக்கத்தைக் கேட்டது என்று குறித்துவைத்து, வந்த பதிலைச் சரியான கணினிக்கே அனுப்புகிறது. உள்ளேயிருந்து கேட்காத எதையும் வாசலிலேயே மறிக்கிறது. அந்த வகையில் அம்மம்மாவைப் போலவே அது ஒரு காவலும்கூட.

கணினி எவ்வளவு பழையதாக இருந்தாலும் ரௌட்டருக்கு அது பொருட்டில்லை என்பதே இதில் நல்ல செய்தி. முறுக்கிய செம்புக் கம்பியில் வலையமைப்பை ஓட்டும் நியமம் 1990இல் வந்தது. நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள அடுத்த நியமம் 1995இல் வந்தது. அந்தக் காலத்துக் கணினியின் கேபிள் முனையும் இன்று கடையில் வாங்கும் ரௌட்டரின் துளையும் ஒன்றோடொன்று பொருந்தும். இரண்டும் தங்களுக்குள் பேசி, இருவருக்கும் தெரிந்த வேகத்தில் உடன்பட்டுக்கொள்ளும். இருபது வயதுக் கணினியையும் புதிய ரௌட்டரையும் ஒரே வயரால் இணைக்கலாம் என்பது இந்தத் துறையில் அபூர்வமான ஒரு நற்பண்பு.

நாயாற்றில் நாங்கள் செய்தது இதுதான். தொலைபேசிக் கம்பி இல்லாத இடம் என்பதால் சிம் போடும் 4ஜி ரௌட்டர் ஒன்றை எடுத்தோம். தகரக் கூரையும் இரும்புக் கிறாதியும் அலைகளை மறிக்கும். ஆகவே கோபுரம் இருக்கும் திசையிலுள்ள சன்னலோரம், நிலத்திலிருந்து ஆளுயரத்தில் ஒரு பலகை அடித்து அதன்மேல் வைத்தோம். அறைக்குள்ளேயே இரண்டு அடி தள்ளி வைத்தாலும் வேகம் மாறும். பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி நடந்து பார்த்துத்தான் இடத்தைத் தெரிவு செய்யவேண்டும். ரௌட்டரின் பின்னால் கணினிகளுக்கு நாலு துளைகளே இருந்தன. எட்டுத் துளைகளுள்ள ஒரு சுவிட்ச் பெட்டியை இடையில் சேர்த்தோம். ஆறு கணினிக்கும் ஆறு கேபிள்.

கேபிளை ஆயத்தமாக வாங்குவதைவிடச் சுருளாக வாங்கி முனை அடிப்பது மலிவு. உள்ளே எட்டு நிறக் கம்பிகள் இருக்கும். செம்மஞ்சள்-வெள்ளை, செம்மஞ்சள், பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, மண்ணிறம்-வெள்ளை, மண்ணிறம் என்பது ஒழுங்கு. இரண்டு முனையிலும் இதே ஒழுங்கு. நூறு மீற்றருக்கு மேல் ஒரே கேபிளை இழுக்கக்கூடாது. வலை பின்னத் தெரிந்த பெண்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. அங்கே முனை அடித்துத் தருகிறவர்கள் இப்போது ஊர்ப் பிள்ளைகள்தான்.

வயரைச் செருகியவுடன் கணினி தனக்கு ஓர் இலக்கத்தை ரௌட்டரிடம் தானாகக் கேட்டு வாங்கும். யாரும் எதையும் தட்டெழுதத் தேவையில்லை. இணைப்பு வரவில்லை என்றால் கணினியின் இலக்கத்தைப் பார்க்கவேண்டும். 192.168 என்று தொடங்கினால் கணினிக்கும் ரௌட்டருக்கும் இடையில் குறை இல்லை. வெளியே, சிம்மிலோ கோபுரத்திலோ தேடவேண்டும். 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து இலக்கம் கிடைக்கவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள்; வயரையும் முனையையும் பாருங்கள். இந்த இரண்டு எண்களும் தெரிந்த பிள்ளைக்கு, ஒவ்வொரு முறையும் நகரத்திலிருந்து திருத்துநரைக் கூப்பிடத் தேவை வராது.

இனிப் பழைய கணினிகளின் வருத்தங்களுக்கு வருவோம். வயதானவர்களுக்குப் போல அவற்றுக்கும் சில வருத்தங்கள் பொது.

முதலாவது நாள் தவறுவது. கணினியின் தாய்ப்பலகையில் காசு வடிவில் ஒரு சிறு மின்கலம் இருக்கும். இலக்கம் 2032. அது செத்துவிட்டால் கணினி ஒவ்வொரு முறையும் பல வருடங்களுக்கு முந்திய ஒரு திகதியுடன் எழும்பும். இன்றைய இணையத்தளங்கள் தம்மை நிரூபிக்க ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. அந்தச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் திகதி பிழையென்றால் நல்ல தளமும் ஆபத்தான தளமாகத் தெரிந்து திறக்க மறுக்கும். "இணையம் வேலை செய்யவில்லை" என்று ஒதுக்கப்பட்ட கணினிகளில் சிலவற்றுக்கு வேண்டியிருந்தது அந்தச் சிறு மின்கலம் மட்டுமே.

இரண்டாவது வருத்தம் கடுமையானது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8உடனும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடனும், விண்டோஸ் 10க்கு 2025 ஒக்ரோபர் 14உடனும் மைக்ரோசொஃப்டின் வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. வெளிநாட்டு அலுவலகங்கள் இன்று கட்டுக்கட்டாகக் கணினிகளைக் கழிப்பதற்குக் கடைசித் திகதி ஒரு முக்கிய காரணம். ரௌட்டர் வாசலில் காவல் நிற்கும் என்றோம். ஆனால் நாமே உள்ளே அழைத்துவரும் கள்வனை அது மறிக்காது. பிள்ளை தெரியாமல் ஒரு கெட்ட பக்கத்தைத் திறந்தால் எக்ஸ்பி கணினி தாங்காது. அதன் பழைய உலாவியில் இன்றைய தளங்கள் பெரும்பாலும் திறக்கவும் மாட்டா.

இதற்கு மருந்து லினக்ஸ். அது விலையில்லாதது. தமிழில் திரையைக் காட்டும். லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்றவற்றை ஒரு பென்டிரைவிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போட்டுவிடலாம். 64 பிட் செயலியும் 4 ஜிபி நினைவகமும் இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்குத் தாராளம். சுழலும் வன்தட்டைக் கழற்றி ஒரு சிறிய எஸ்எஸ்டியைப் போட்டால், பத்து வயதுக் கணினியைப் புதிது என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். 32 பிட் கணினிகளுக்குக் காலம் நெருங்கிவிட்டது. பழையவற்றை நீண்டகாலம் தாங்கிவந்த டெபியன்கூட 2025இல் வந்த 13ஆம் பதிப்புடன் அவற்றுக்கான நிறுவலைக் கைவிட்டது. அப்படிப்பட்ட கணினியை அனுப்புவதில் இனிப் பலன் இல்லை.

மூன்றாவது, வைஃபை. பழைய மடிக்கணினிகள் சிலவற்றுக்கு வெப் என்ற பழைய பூட்டு மட்டுமே தெரியும். அந்தப் பூட்டை உடைக்கும் வழி 2001இலேயே வெளிவந்துவிட்டது. ஒரு கிழட்டு மடிக்கணினிக்காக முழு ரௌட்டரின் பூட்டையும் இளக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கணினிக்கு ஒரு கேபிளைக் கொடுங்கள். கேபிள் துளை பழுதென்றால் யூஎஸ்பியில் செருகும் சிறு கருவி ஒன்று கடைகளில் உண்டு. வேறு சில மடிக்கணினிகளுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். ரௌட்டரில் அது அணைந்திருந்தால் அவற்றுக்கு வலையின் பெயரே தெரியாது. அதைத் திறந்துவிட்டால் போதும். ரௌட்டருடன் வரும் நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

அடுத்தது செலவு. நாயாற்றில் டேட்டா என்பது மண்ணெண்ணெய் மாதிரி, அளந்து செலவழிக்கும் பொருள். நாற்பத்தைந்து நிமிடக் காணொளிப் பாடம் ஒன்று நடுத்தரத் தெளிவில் ஏறக்குறைய 300 எம்பி என்று வைத்துக்கொள்வோம். ஆறு பிள்ளைகள் ஆறு தொலைபேசியில் பார்த்தால் 1,800 எம்பி. ஒரு கணினியில் ஒருமுறை இறக்கி, மற்ற ஐந்தும் ரௌட்டர் வழியாக அதிலிருந்து எடுத்துப் பார்த்தால் 300 எம்பி மட்டுமே. கணினிக்குக் கணினி உள்ளே பரிமாறுவதற்கு இணைய நிறுவனம் கட்டணம் அறவிடுவதில்லை. அந்தப் போக்குவரத்து வாசலைத் தாண்டுவதே இல்லை. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து எங்கள் மாதச் செலவு கட்டுக்குள் வந்தது. விண்டோஸ் இருக்கும் கணினிகளில் தானாக இறங்கும் இற்றைப்படுத்தல்களையும் அளவோடு வைக்கவேண்டும். இல்லாவிட்டால் மாதத்து டேட்டாவை இரவோடிரவாக அவையே குடித்துவிடும்.

இன்னும் ஒரு படி போகலாம். கிவிக்ஸ் என்ற விலையில்லா மென்பொருளால் தமிழ் விக்கிப்பீடியாவை முழுமையாக ஒரு பென்டிரைவுக்குள் கொண்டுவரலாம். 2003இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தை வளர்த்தவர்களில் முன்னோடி எங்கள் யாழ்ப்பாண மண்ணின் மயூரநாதன் அவர்கள். அதை ஒரு கணினியில் வைத்து ரௌட்டர் வழியாகப் பகிர்ந்தால், சிம்மில் ஒரு சதத்துக்கும் டேட்டா இல்லாத நாளிலும் ஆறு திரைகளிலும் பிள்ளைகள் வாசிக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலிருந்து ஈழத்துப் பழைய சஞ்சிகைகளையும் நூல்களையும் இறக்கி அதே கணினியில் அடுக்கி வைத்திருக்கிறோம். ரௌட்டர் என்பது வெளியுலகத்துக்கு வாசல் மட்டுமன்று. வெளியுலகம் அறுந்துபோன நாளில் அறைக்குள்ளே ஒரு சிறு நூலகத்தை உயிரோடு வைத்திருப்பதும் அதுவே.

அறுந்துபோவது என்றதும் மின்சாரம் நினைவுக்கு வரும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ரௌட்டர் அதிகம் மின்சாரம் கேட்காது. பத்து வாட் அளவு. 12 வோல்ட் ரௌட்டரை 12 வோல்ட், 7 அம்பியர்-மணி மின்கலம் ஒன்று, மின்கலத்தைப் பழுதாக்காமல் நாலு மணித்தியாலம் தாங்கும். மடிக்கணினிகளும் தங்கள் மின்கலத்தில் கொஞ்ச நேரம் ஓடும். பழைய மேசைக் கணினியும் கண்ணாடிக் குழாய்த் திரையும் சேர்ந்தால் நூற்றைம்பது வாட்டுக்கு மேல் போய்விடும். ஆகவே தெரிவு இருந்தால் மடிக்கணினியே நாயாற்றுக்கு ஏற்றது. எல்லா ரௌட்டரும் 12 வோல்ட் அல்ல. அடியில் எழுதியிருப்பதைப் பார்த்தே இணைக்கவேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்கலம் கிடைக்காமல் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்னில் வானொலி கேட்ட வன்னிச் சனத்துக்கு இந்தக் கணக்கை நாங்கள் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

மின்னலும் உப்பும் அங்கே இரண்டு எதிரிகள். ஏப்ரலிலும், ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால், அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைக் கழற்றவேண்டும். கூரைக்கு மேல் அன்டெனா இருந்தால் அதன் வயரையும் கழற்றவேண்டும். உப்புக்காற்று துளைகளுக்குள் பச்சை பிடிக்க வைக்கும். பாவிக்காத நேரத்தில் துணியால் மூடி வைப்பதும், பாவிக்காத துளைகளை அடைத்து வைப்பதும் பழக்கமாக வேண்டும். பூட்டிக்கிடக்கும் கணினியைவிடத் தினமும் ஓடும் கணினி கடற்கரையில் நீண்டநாள் உழைக்கிறது. அதன் சூடே ஈரத்தை விரட்டுகிறது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கக்கூடிய ஒரு தாய்க்கு, கடலுக்கு அப்பால் எங்களைப் போன்றவர்கள் வாழும் கரையிலிருந்து ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்லுவோம். புதுச்சேரிக் கிராமங்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இலிருந்து அறிவு மையங்களை அமைத்தது. இணையம் எல்லா ஊருக்கும் எட்டவில்லை. வில்லியனூரில் ஒரு நடுவம் வைத்து, அங்கே பெற்ற செய்திகளை வானலை மூலம் மற்ற ஊர்க் கணினிகளுக்குப் பகிர்ந்தார்கள். ஒரு வாசல், பல வீடுகள் என்ற அதே ஏற்பாடு. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில், நல்லவாடு என்ற மீனவ ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் செய்தி கண்டு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். ஊரவர்கள் அறிவு மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். படகுகள் போயின. மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட சனம் தப்பியது. அதே காலையில் எங்கள் முல்லைத்தீவுக் கரையில் அப்படி ஒரு குரல் ஒலிக்கவில்லை.

நல்லவாட்டைக் காப்பாற்றியது அதிநவீனக் கருவி எதுவும் அல்ல. வெளியூரில் இருந்த ஒரு பிள்ளை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அறை, தினமும் பாவித்ததால் பழுதாகாமல் இருந்த ஒரு சாதனம்: இந்த மூன்றுமே. இன்று நாயாற்று அறையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் முன்னறிவிப்பைப் பிள்ளைகள் தினமும் பார்த்துக் கரும்பலகையில் எழுதி வெளியே வைக்கிறார்கள். வாடைக்காலத்தில் கடலுக்குப் போகும் அப்பாமார் அதை நின்று வாசித்துவிட்டுப் போகிறார்கள். பெண்பிள்ளையை அறைக்கு அனுப்பத் தயங்கிய வீடுகள் அதற்குப் பிறகு தயங்கவில்லை.

எங்கள் நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. வில்பத்துக் காட்டோரத்து மகாவிலச்சியில் நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆசிரியர் 1998இல் தொடங்கிய முயற்சி, விவசாயக் குடும்பங்களின் வீடுகளுக்குள் கணினிகளைக் கொண்டுபோய், பின்னர் கம்பியில்லா வலையால் அவற்றை இணைத்தது. அரசின் அறிவகங்கள், சிங்களத்தில் நெனசல என்று சொல்லப்படுபவை, 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதைப் பெற்றன. இத்தகைய முயற்சிகள் எங்கும் சொல்லும் பாடம் ஒன்றுதான்: திறப்புவிழா எளிது, ஐந்தாம் வருடம் கடினம். மாதக் கட்டணத்தை யார் கட்டுவது, திறப்பு யாரிடம் இருப்பது என்ற இரண்டு கேள்விக்கும் பெயர் சொல்லி விடை இல்லாத இடத்தில் தூசிதான் மிஞ்சும்.

ஆகவே சகோதரிகளே, அனுப்ப விரும்புகிறவர்களுக்கு எமது வேண்டுகோள்கள் இவை.

கண்ணாடிக் குழாய்த் திரைகளை அனுப்பாதீர்கள். அவற்றுள் ஈயம் இருக்கிறது; அங்கே அதைப் பாதுகாப்பாக அழிக்க வழியில்லை. நாட்டுக்கு நாடு நச்சுக் கழிவு தள்ளப்படுவதைத் தடுக்கவே 1989இல் பேசல் உடன்படிக்கை எழுதப்பட்டது. 2025 ஜனவரியிலிருந்து எல்லா இலத்திரனியல் கழிவும் அதன் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. ஓடாத கணினி நன்கொடை அல்ல, கழிவு.

கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் மேசைக் கணினிகளின் பின்னால் 115, 230 என்று ஒரு சிறு சிவப்பு ஆளி இருக்கலாம். இலங்கை மின்சாரம் 230 வோல்ட். ஆளியை மாற்றாமல் செருகினால் புகைதான். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அங்குள்ள ரௌட்டர்களை அனுப்ப வேண்டாம். பல, அந்தந்த நிறுவனத்துக்கே பூட்டப்பட்டவை. 4ஜி அலைவரிசைகளும் நாட்டுக்கு நாடு வேறு. ரௌட்டரை இங்கேயே வாங்குவது நல்லது. பிரான்சிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வரும் விசைப்பலகைகளில் எழுத்துகள் இடம்மாறி இருக்கும். கணினியை அனுப்புங்கள், விசைப்பலகையை இங்கே வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் வன்தட்டை முழுமையாக அழித்துவிட்டு அனுப்புங்கள். குப்பைத் தொட்டிக்குள் போட்டது அழிந்ததாகாது. உங்கள் வங்கி விபரமும் குடும்பப் படங்களும் நாயாற்றுப் பிள்ளையின் கையில் வரவேண்டியதில்லை.

இருபது கணினி அனுப்பும் காசில் ஐந்து நல்ல மடிக்கணினிகளையும், மிச்சத்தில் மூன்று வருட இணையக் கட்டணத்தையும் தாருங்கள். அறையைத் திறந்து மூடும் ஊர்ப் பெண் ஒருவருக்குச் சிறு கொடுப்பனவு தாருங்கள். எங்கள் அறையில் அப்படி ஒருவர் இருப்பதால்தான் பெண்பிள்ளைகள் வருகிறார்கள். பள்ளி விட்டபின் முதல் மணித்தியாலம் அவர்களுக்கு என்பது அங்கே எழுதிய சட்டம். பொழுதுபடுவதற்கு முன் எல்லோரும் வீடு போய்ச் சேருவார்கள்.

கடைசி வேண்டுகோளுக்குக் காசு வேண்டாம். கிழமைக்கு அரைமணித்தியாலம் திரையில் வாருங்கள். மருத்துவர் அக்கா உயிரியல் சொல்லிக்கொடுக்கட்டும். கணக்காளர் தங்கை கணக்கீடு சொல்லிக்கொடுக்கட்டும். எங்கள் ஆசிரியைகள் எங்களுக்குத் தந்ததை நீங்கள் தரும்போது, இடையில் இருக்கும் தூரத்தை அந்தச் சின்னப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

இவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் ஏழு பெண்பிள்ளைகள் அந்த அறையில் படிக்கிறார்கள். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் தேவை. நேரம், இலங்கை நேரப்படி சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம்.